இடத்துக்கு அடங்காத செடிகள்: வெட்டுவதா, நகர்த்துவதா, எடுத்தே விடுவதா?

கேள்வி: ஜனவரி 7

நாலு வருஷத்துக்கு முன்னால் ஜன்னலை ஒட்டி ஒரு செம்பருத்தி, ஒரு ஃபைகஸ், ஓரமாக ஒரு அரிகா பாம் வைத்தேன். நட்டபோது மூன்றும் முழங்கால் உயரம். இப்போது ஜன்னல் கதவு பாதிதான் திறக்கிறது. மாதம் தவறாமல் உச்சியை வெட்டுகிறேன், முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. என் கணக்கு இதுதான்: விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் செடி சலித்துப்போய் அடங்கிவிடும். எந்தச் செடியையும் கவாத்திலேயே சின்னதாக வைத்துக்கொள்ளலாம். சரிதானே?

ஜனவரி 7, இரவு

இல்லை, சலிக்காது. சலிப்பது நீங்களாகத்தான் இருக்கும். இதே கணக்கை நம்பி ஒரு அரளியோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியவன் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் வெட்டும் இடம்தான் தகராறு. தண்டின் நுனியில் கொழுந்து இருக்கும்வரை அது ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் கீழே கணுக்களில் இருக்கும் மொட்டுகள் தலைதூக்காமல் கிடக்கும். 1930-களில் திமான், ஸ்கூக் என்ற இரண்டு பேர் ஒரு அவரை வகைச் செடியில் இதைச் செய்தே காட்டினார்கள். நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டு கிளம்பியது. கிள்ளிய வாயில் ஆக்சினை வைத்தால் கிளம்பவில்லை. நீங்கள் மாதாமாதம் செய்வது அந்தச் சோதனையின் முதல் பாதி. ஒரு கொழுந்து போன இடத்தில் மூன்று வருகிறது. அந்த மூன்றையும் வெட்டினால் ஒன்பது வராது, ஏழெட்டு வரும். மேலே குடை விரித்த மாதிரி அடைத்துக்கொண்டு, உள்ளே வெயில் இறங்காமல், அடிப்பகுதி வெறும் குச்சியாகிவிடும். செம்பருத்திக்குள் தலையை விட்டுப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

உச்சியை விடுங்கள். இருப்பதிலேயே உயரமான தண்டு ஒன்றைப் பிடித்து, அதை அடியோடு எடுங்கள், இல்லையென்றால் கீழே ஒரு பக்கக்கிளை பிரியும் கவட்டையில் வெட்டுங்கள். மிஞ்சும் கிளை, வெட்டுகிற தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட ஒல்லியாக இருந்தால் அதனால் புது நுனியாக நின்று மற்றதை அடக்க முடியாது, சுற்றிலும் நீர்ப்போத்துகள் (நேரே நெட்டையாக எழும் தளிர்கள்) கிளம்பி ஓடும். அடுத்த மாதம் இன்னொரு தண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு நீங்கள் வெட்டியதே தெரியக்கூடாது, அதுதான் அளவு.

ஜனவரி 8

ஐயோ, அரிகாவை மறந்துவிட்டேன். அதன் உச்சியை வெட்டாதீர்கள்! நேற்று எழுதிய எதுவும் பனை வகைக்குப் பொருந்தாது. அங்கே ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்துதான், பக்கத்தில் காத்திருக்கும் மொட்டு என்று ஒன்றும் கிடையாது. குருத்து போனால் அந்தத் தண்டு முடிந்தது. அரிகா தூராக வளர்வதால் தப்பித்தீர்கள், உயரமான தண்டுகளில் இரண்டு மூன்றைத் தரையோடு அறுத்து எடுத்தால் மற்றவை நிற்கும். ஏற்கெனவே உச்சி வெட்டிய தண்டு இருந்தால் அது காய்வதற்குக் காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடலாம்.

ஜனவரி 10

"ஒரே நாளில் எவ்வளவு வெட்டலாம்" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பச்சையாக இருப்பதில் கால் பங்கு, போனால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். பலவீனமான செடி படுத்துவிடும். தெம்பான செடி பழிவாங்கும். பழிவாங்குவது என்றால், மண்ணுக்குள் வேர் அத்தனையும் அப்படியே இருக்கிறது, அது தண்ணீரையும் சேர்த்து வைத்த சக்தியையும் மேலே தள்ளுகிறது, மேலே வாங்கிக்கொள்ளக் கிளை இல்லை. மிச்சமிருக்கும் நாலு கணுவிலும் சவுக்கு மாதிரி நெடுநெடுவென்று போத்து அடிக்கும். பாதியாக வெட்டிய செடி பழைய உயரத்தை ஒரே பருவத்தில் எட்டிப்பிடிப்பது இதனால்தான். இதோடு வெட்டிய கையோடு உரமும் வைப்பவர்கள் இருக்கிறார்கள் (நானும்தான், ஒரு காலத்தில்). அடங்க வேண்டிய செடிக்குத் தழைச்சத்து எதற்கு?

ஜனவரி 15

கவாத்திலேயே சமாளிக்கலாம் என்று நம்புகிறவர்களுக்கு என் தூஜாவைக் காட்ட வேண்டும்.

நடைபாதை ஓரத்தில் நாலு தூஜா வரிசையாக வைத்திருந்தேன். கூம்பு கூம்பாக அழகாக நின்றன. அகலம் கூடிக்கொண்டே போய் நடப்பவர் சட்டையில் உரச ஆரம்பித்தது. ஒரு நாள் பெரிய கத்தரியை எடுத்து, பாதைப் பக்கம் மட்டும் சுவர் மாதிரி நேராக இழைத்துவிட்டேன். ஒரு சாண் ஆழம் இருக்கும். வெளிப்பச்சை போய் உள்ளே பழுப்புக் குச்சிகள் தெரிந்தன. துளிர்த்துவிடும் என்று நினைத்தேன். செம்பருத்தி துளிர்க்கிறது, போகன்வில்லா துளிர்க்கிறது, இது மட்டும் துளிர்க்காதா?

துளிர்க்கவில்லை. ஊசியிலை, செதில் இலை வகைகளில் பெரும்பாலானவை இலை இழந்த பழைய மரப்பகுதியிலிருந்து திரும்பக் கிளம்பாது. பச்சை இருக்கும் ஆழம் வரைதான் நமக்கு உரிமை. மூன்று வருஷம் ஆகிறது, பாதைப் பக்கம் இன்னும் அதே பழுப்பு. அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் "காய்ந்துபோச்சா?" என்று கேட்கிறார்கள், இந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் "நல்லா வளர்த்திருக்கீங்க" என்கிறார்கள்.

ஜனவரி 16

இல்லை, பச்சை பெயின்ட் அடிக்கப் போவதில்லை. யோசனைக்கு நன்றி.

ஜனவரி 22

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 10-ஆம் தேதி எழுதியதற்கு நல்ல எதிர்ப்பு வந்திருக்கிறது. செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தும் மூன்றே மாதத்தில் பூத்தது என்கிறார் ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். நானே அரளியை அப்படித்தான் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தேன், எழுதும்போது வசதியாக மறந்துவிட்டேன்.

அதனால் திருத்திச் சொல்கிறேன். பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும் புதர் வகைகள் (செம்பருத்தி, அரளி, போகன்வில்லா) ஆரோக்கியமாக இருந்தால் அடிவரை வெட்டினாலும் திரும்பி வரும். இவை பூப்பதும் புதுத் தளிரில்தான், ஆகவே பூவும் போகாது, தள்ளிப்போகும் அவ்வளவுதான். இட்லிப்பூவும் வெட்டினால் வரும், ஆனால் அதன் பூங்கொத்து தண்டின் நுனியில் உட்காருவது. வேலி மாதிரி வாராவாரம் நுனியைச் சீவிக்கொண்டே இருந்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்கக்கூடாது. மொத்தமாக வெட்டிவிட்டு ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

அரளியில் கை வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கையுறை போடுங்கள், வெட்டிய குச்சியை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், காய்ந்துவிட்டது என்று குவித்துக் கொளுத்தவும் கூடாது. செடி முழுக்க விஷம், புகையிலும் உண்டு. காய்வதால் விஷம் போய்விடாது.

பிப்ரவரி 2

தரையில் இடமே இல்லாதவர்கள் தொட்டியில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிறார்கள். தீராது, தரைக்குமேல் கண்ணுக்குத் தெரிந்த தகராறு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

என்னிடம் ஒரு ஸ்நேக் பிளான்ட் இருந்தது, ஓரம் மஞ்சளாக இருக்குமே, அது. பிளாஸ்டிக் தொட்டி. வட்டமாக இருந்த தொட்டி மெல்ல மெல்ல ஒரு பக்கம் புடைத்து, வீங்கிய கன்னம் மாதிரி ஆனது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் விளிம்பு வழியாக ஓடிவிடும். ஒரு ராத்திரி டப் என்று சத்தம். காலையில் பார்த்தால் தொட்டியில் மேலிருந்து கீழ்வரை விரிசல், அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டுக்கிழங்கு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்துத் தட்டினேன், வரவில்லை. ரம்பத்தால் தொட்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு பார்த்தால் தொட்டி இல்லாமலே தொட்டி நிற்கிறது! வேரும் கிழங்குமாகச் சுற்றிச் சுற்றி, அடியில் தண்ணீர் ஓட்டைகள் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குமிழாகக்கூட வார்த்து வைத்திருந்தது. மண் என்று ஒரு கைப்பிடி தேறாது.

கத்தியால் நாலாகப் பிளந்து நாலு தொட்டியில் வைத்தேன். ஒடிந்த இலைகளை வீணாக்க வேண்டாமே என்று துண்டு துண்டாக மண்ணில் செருகினேன். அவையும் வேர்விட்டு, குட்டி வந்தது. வந்ததெல்லாம் வெறும் பச்சை, மஞ்சள் ஓரம் ஒன்றில்கூட இல்லை. அந்த ஓரம் வேறு மரபணு கொண்ட திசு அடுக்காகச் செடியில் சேர்ந்தே ஓடுவது. இலைத் துண்டிலிருந்து புதுக்கன்று கிளம்பும்போது அந்த அடுக்கு கூட வருவதில்லை. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். இன்று என்னிடம் மஞ்சள் ஓரம் நாலு, பச்சை பதினொன்று. யாருக்காவது பச்சை வேண்டுமா?

பிப்ரவரி 3

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. பிரிக்க முடியாத ஒற்றைத்தண்டுச் செடிக்கு (ஃபைகஸ், போகன்வில்லா போல) என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இரண்டு வழி. பெரிய தொட்டிக்கு மாற்றினால் செடியும் அதற்கேற்பப் பெரிதாகும், அடுத்த தொட்டி உங்களால் தூக்க முடியாததாக இருக்கும். அதே அளவில் நிற்க வேண்டுமென்றால் போன்சாய்க்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேர்க்கட்டியைச் சுற்றிலும் அடியிலும் இரண்டு விரல்கடை சீவி, தொட்டிச் சுவரை ஒட்டி வட்டமடிக்கும் வேர்களை அறுத்து, புது மண் போட்டு அதே தொட்டியில் வையுங்கள். மேலேயும் கொஞ்சம் குறைக்க வேண்டும், பாதி வேரை எடுத்துவிட்டு முழு இலைக்கும் தண்ணீர் ஏற்று என்றால் நடக்காது. பத்து நாள் நிழல்.

ஃபைகஸை வெட்டினால் பால் வடியும். சிலருக்குத் தோல் அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

பிப்ரவரி 14

"நர்சரியில் குட்டையாக, பூவும் இலையுமாக இருந்தது, குள்ள ரகம் என்று நினைத்து வாங்கினேன்" என்ற புலம்பல் நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. தொட்டியில் விற்கும் பூச்செடிகள் பலவற்றுக்கு வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது உலகம் முழுக்கத் தொழில்முறை வழக்கம்தான். பாக்லோபியூட்ரசோல் என்பது அப்படி ஒன்று. செடி நீள்வதற்கு ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் வேண்டும், மருந்து அது உருவாவதைத் தடுக்கிறது, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி கட்டைகுட்டையாக நிற்கிறது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சொந்தக் கணக்குக்குத் திரும்பிவிடும். சிவப்பு இலையோடு மேஜைமேல் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும் பாயின்செட்டியா, பிறந்த மண்ணான மெக்சிகோவில் ஆள் உயரத்தைத் தாண்டும் புதர்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் விட்ட புதுத் தண்டில் கணு இடைவெளியைப் பாருங்கள். பழைய தண்டில் ஒரு விரல்கடை, புதியதில் நாலு விரல்கடை என்றால் உங்களுக்கு விற்றது மருந்தின் உயரம். இடம் மாற்றுவதென்றால் அப்போதே மாற்றுங்கள், நாலு வருஷம் கழித்து இங்கே வந்து எழுதாதீர்கள்.

அப்புறம் அட்டையில் போட்டிருக்கும் உயரம். சில அட்டைகளில் அது பத்து வருஷத்தில் எட்டும் உயரம், அதோடு நின்றுவிடும் உயரம் இல்லை.

பிப்ரவரி 20

நான் ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். என் அராகேரியா கதையைச் சொல்கிறேன், கணக்கு நேராகிவிடும்.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பார்களே, அடுக்கடுக்காக, குடைக்கம்பி மாதிரி கிளை விரித்து. ஒரு அடி உயரத்தில் தொட்டியில் வாங்கினேன். தொட்டி சின்னதாகிவிட்டதே என்று பாவம் பார்த்து, வாசல் ஓரம் தரையில் இறக்கினேன். அது பசிபிக் கடலில் நார்ஃபோக் என்ற குட்டித் தீவின் மரம். 1774-இல் கேப்டன் குக் அங்கே இறங்கியபோது, இத்தனை நெடிதாக நேராக நிற்கிறதே, கப்பலுக்குப் பாய்மரம் ஆகுமே என்று கணக்குப் போட்டார். 50 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. பாய்மரத்துக்கு ஆகும் என்று ஒருத்தர் நினைத்த மரத்தை நான் வாசப்படியிலிருந்து மூன்று அடியில் வைத்திருக்கிறேன்.

கூரையைத் தாண்டியதும் பயம் வந்தது. உச்சியை வெட்டினேன். (ஆமாம். உச்சியை விடுங்கள் என்று எழுதிய அதே ஆள்.) கீழே இருந்து இரண்டு உச்சி கிளம்பி, கவைக்கொம்பு மாதிரி நிற்கிறது. அழகும் போனது, உயரமும் குறையவில்லை. வெட்டிய பக்கக்கிளைகளில் ஒன்றை வேர்பிடிக்க வைத்தேன், குட்டியாக ஒன்று கிடைக்கட்டும் என்று. வேர் வந்தது. ஆனால் மரம் வரவில்லை. இந்த வகையில் பக்கக்கிளையாகப் பிறந்தது வெட்டி நட்டாலும் பக்கக்கிளையாகவே வளரும், நிமிராது. நாலு வருஷமாக என் தொட்டியில் ஒரு கிளை பாய் விரித்த மாதிரி கிடைமட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது. குச்சி கட்டி நிமிர்த்திப் பார்த்தேன், குச்சியைத் தாண்டியதும் மறுபடி படுத்துக்கொண்டது. உச்சித்தண்டில் வெட்டி எடுத்த துண்டுதான் மரமாக நிமிரும்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னால் இது எங்கிருந்து வளர்கிறது என்று பாருங்கள். நுனியா, அடியா, கட்டையா, வேரா. நான் கத்தரியை எடுத்த பிறகுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 21

மணி பிளான்ட்டுக்கு: கீழே தொங்கவிட்டால் இலை உள்ளங்கை அளவில் நிற்கும், மரத்தில் ஏறவிட்டால் முறம் மாதிரி பெரிதாகும். இலை பயமுறுத்துகிறது என்றால் மரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். வெட்டி வைக்கும் துண்டு கொஞ்ச நாளில் பழைய குட்டி இலைக்கே திரும்பிவிடும்.

மார்ச் 5

மூங்கில். வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்ததால் பக்கத்து வீட்டாரோடு பேச்சு நின்றுபோனவருக்கு அனுதாபங்கள். தூராக நிற்கும் மூங்கில் வேறு, மண்ணுக்கடியில் கிழங்கை ஓடவிடும் மூங்கில் வேறு. உங்களுடையது ஓடுகாலி. சுற்றிலும் இரண்டு அடி ஆழத்துக்குக் குறையாமல் பள்ளம் எடுத்து, தடித்த பிளாஸ்டிக் தகட்டை இறக்கி, விளிம்பு தரைக்குமேல் இரண்டு அங்குலம் தெரியும்படி விட வேண்டும். விளிம்பு தெரிய வேண்டியது முக்கியம், கிழங்கு அதன் மேலேறித் தாண்டும்போதுதான் பிடித்து நறுக்க முடியும். வேலியைத் தாண்டிப் போய்விட்ட கிழங்கைப் பேச்சு மறுபடி ஆரம்பித்த பிறகுதான் எடுக்க முடியும், அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

உயரம் மட்டும் பிரச்சினை என்றால் மூங்கில் நல்ல பிள்ளை. ஒரு கழி முளைத்த ஒரே பருவத்தில் முழு உயரத்தை எட்டிவிடும், அப்புறம் உயராது, பருமனும் கூடாது. கணுவுக்கு மேலே வெட்டினால் அந்தக் கழி அந்த உயரத்தில் நின்றது நின்றதுதான், பக்கத்தில் இலைதான் விடும். அடுத்து வரும் கழியைத்தான் மறுபடி வெட்ட வேண்டும்.

மார்ச் 9

ஜனவரி 7-இல் "கவட்டையில் வெட்டுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன், அதைப் படித்து ஒருவர் கை பருமன் கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுக்க, பாதியில் கிளை தன் கனத்தில் முறிந்து தண்டின் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. பாதிப் பழி எனக்கு.

பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும், பட்டை கிழியாது. பாரம் போனபின் மிஞ்சிய குட்டைத் துண்டைக் கடைசி வெட்டில் எடுங்கள். அந்தக் கடைசி வெட்டு எங்கே என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையல் மாட்டின மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு மழுங்க வெட்டினால் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் காயத்தை மூடும் திசு அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது, அதையே வெட்டி எறிந்துவிடுகிறோம். அமெரிக்க வனத்துறையில் மர நோய்களை ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ மரங்களை நீளவாக்கில் அறுத்து அறுத்துப் பார்த்து இதைச் சொன்னார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுப் புது மரத்தை அதன்மேல் வளர்க்கிறது. வெட்டுவாயில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்றும் அவர் காட்டினார்.

நான் பூசியிருக்கிறேன். அரளியின் ஒரு வெட்டு மழுங்க, தார் பூசியது. இன்னொன்று புடைப்பை விட்டு வெட்டி அப்படியே விட்டது. நேற்றுப் போய் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். விட்டதில் சுற்றிலும் உதடு மாதிரி உருண்டு வந்து நடுவில் ஒரு பட்டாணி அளவுதான் பாக்கி. தாரைக் கீறினால் அடியில் கறுப்பாக ஈரம், விரல் உள்ளே போகிறது.

மார்ச் 21

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்! செம்பருத்தி அடங்கிவிட்டது, அரிகாவில் மூன்று தண்டு எடுத்தாயிற்று, ஃபைகஸை மட்டும் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கப் போகிறாராம். தண்டு 6 சென்டிமீட்டர் பருமன் என்கிறார்.

கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தாய்மண்ணோடு எடுக்க வேண்டும், அதன் அகலம் தண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு. உங்களுக்கு 60 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் ஆழம் வைத்தால்கூட அந்த மண்கட்டி 150 கிலோவைத் தாண்டும். உங்கள் முதுகுக்கு என்ன பருமன் என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியும் செய்வதென்றால், அந்த 60-க்குள் கொஞ்சம் உள்தள்ளி வட்டமாக மண்வெட்டியை இறக்கி வேரை இப்போது அறுத்துவிட்டு, சில மாதம் அப்படியே விடுங்கள். அறுத்த வாயில் புது வேர் பிடித்தபின் அதையும் சேர்த்துப் பெயர்த்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால், எடுத்துவிடுங்கள். சுவரோரத்தில் ஃபைகஸ் என்பது வருஷா வருஷம் பெரிதாகும் வேலை. நல்ல குழாயை வேர் உடைக்காது, ஆனால் கசிவு இருக்கும் குழாயைக் கண்டுபிடித்து உள்ளே போய்விடும், எல்லா வீட்டிலும் கசியும் குழாய் ஒன்று இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால் முதலில் ஒரு கிளையில் பதியன் போட்டு (செடியில் இருக்கும்போதே கிளையை வேர்விட வைத்து) தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே செடிதான், சின்னதாக.

ஏப்ரல் 6

பதியன் வேர்விட்டுவிட்டதாம், பெரியதை எடுத்துவிட்டாராம், ஜன்னல் முழுசாகத் திறக்கிறதாம். என் அராகேரியாவை எப்போது எடுப்பேன் என்று பதிலுக்குக் கேட்கிறார். மரமறுப்பவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். கவைக்கொம்பு கூரைமேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், முடிவாகிவிட்டது. படுத்த கிளை மட்டும் தொட்டியில் இருக்கும்.

ஃபைகஸ் எடுத்த குழியில் என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டை முழுதாக வந்ததா, இல்லை தரையோடு அறுத்தீர்களா? அறுத்திருந்தால் அது மறுபடி துளிர்க்கும், வரவர ஒடித்துக்கொண்டே இருங்கள். முழுதாக வந்திருந்தால், சுவரிலிருந்து குழியின் நடுவுக்கு எவ்வளவு, தரையிலிருந்து ஜன்னலின் கீழ்விளிம்புக்கு எவ்வளவு, இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். செடியின் பெயர் அதற்கு அப்புறம்.

ஏப்ரல் 7

சுவரிலிருந்து 40 சென்டிமீட்டரா? அங்கே எதுவும் வைக்காதீர்கள்.